நாலாவது சட்டம் இன்னும் ஏறவில்லை

முகிலா,

இதைப் போனில் அனுப்பினால் ஆபீஸ் கார் பார்க்கில் உட்கார்ந்து பாதி படித்துவிட்டு, மீதியை நீயே ஊகித்துக்கொள்வாய். அதனால்தான் தாளில் எழுதி, உனக்கு நிச்சயித்திருக்கும் தர்ஷினி கையில் கொடுத்தனுப்புகிறேன். அவளும் படிக்கட்டும், உன் சித்தி கேட்டால் அவளுக்கும் காட்டு. நீ எல்லார் முன்னாலும் சொன்ன ஒரு விஷயத்துக்குப் பதில் இது, ஆகவே யாருக்கும் மறைக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் நிச்சயதார்த்தத்தன்று சாப்பிட்டு முடிந்ததும் எழுந்து நின்றாயே, ஞாபகமிருக்கிறதா? “கல்யாணத்துக்கு அப்புறம் அம்மா எங்ககூடத்தான் இருப்பாங்க. சிம்பாங் அம்பாட் புது வீட்டுல கீழ் ரூம் அவங்களுக்குத்தான். மெஷின், மரம் எல்லாம் போதும், இனிமே ரெஸ்ட் எடுக்கட்டும்,” என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். சபையில் பெற்ற பிள்ளையை மறுத்துப் பேசக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான். நான் வரவில்லை முகிலா. நம் சுங்கை பினாங் வீட்டிலேயே இருக்கப் போகிறேன், மெஷினோடு. சொல்ல வந்தது இதுதான். இனி வருவதெல்லாம் காரணமும், நான் செய்த இரண்டு தப்புகளும்.

மர விளிம்பில் நெளிவு செதுக்கும் என் ரூட்டர் மெஷினும் அதன் மேசையும் என்றால் உனக்குச் சத்தமும் தூசியும்தான். உன்மேல் குற்றமில்லை. நான் அதை வாங்கியபோது நீ படிப்பு முடித்து வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாய். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எங்கள் பிரிவை மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியபோது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. கூட வேலை செய்த பெண்கள் சிலர் நாசி லெமாக் சோறு விற்கப் போனார்கள், சிலர் பேரப்பிள்ளை பார்க்கப் போனார்கள். எனக்குச் சமையல் அவ்வளவாக வராது என்பது உனக்கே தெரியும், பேரப்பிள்ளையும் அப்போது இல்லை, இப்போதும் இல்லை. நம் வீட்டுச் சாமி மேடையின் மேல் விளிம்பு கரையான் அரித்துப் போயிருந்தது. அதைச் சரி செய்ய ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் வருகிறேன் வருகிறேன் என்று மூன்று மாதம் இழுத்தார். கோபத்தில் நானே செய்யக் கிளம்பினேன். உன் அப்பா ஒரு பழைய மேசையின் நடுவில் துளை போட்டுக் கொடுத்தார். மெஷினைத் தலைகீழாக அந்த மேசைக்கு அடியில் தொங்கவிட்டால், சுற்றிச் செதுக்கும் அலகு, அதைத்தான் பிட் என்பது, அது மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். மரத்தைத் தடுப்புப் பலகையோடு ஒட்டித் தள்ளினால், பிட்டின் உருவம் அப்படியே விளிம்பில் பதியும். முதல் நாள் ஒரு பலகைத் துண்டில் நெளிவு வந்து விழுந்ததும், அதை உன் அப்பாவிடம் நீட்டிக்கொண்டு முழு வீட்டையும் சுற்றி வந்தேன். இன்று கடல் தாண்டிப் பட்டர்வொர்த்திலிருந்துகூட ஆட்கள் சாமி மேடைக்கு என்னிடம் வருகிறார்கள். தைப்பூசத்துக்கு முன்னால் எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. இதை விட்டுவிட்டு ரெஸ்ட் எடுத்து என்ன செய்யப் போகிறேன், சொல்.

உங்கள் கீழ் அறைக்குக் கார்னிஸ் செய்கிறேன் என்று நான் சொன்னபோது நீ சந்தோஷப்பட்டாய். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் நாலு பக்கமும் ஓடும் அலங்காரச் சட்டம்தான் அது. எல்லாரும் பிளாஸ்டரில் ஒட்டிவிடுகிறார்களே, எதற்கு மரம் என்று கேட்டாய். அப்புறம் நீயே, “பரவால மா, உங்க ரூம்தானே, உங்க இஷ்டம்,” என்றாய். அப்போதும் நான் உன்னைத் திருத்தவில்லை. என் அறைக்கு நானே அலங்காரம் செய்துகொள்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டாய். அந்த அறை யாருக்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் வீட்டுச் சமையலறையில் பத்தடிப் பலகையை ஓட்டுவது எப்படி என்று நீ ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. பிட்டுக்கு வலப்பக்கம் பத்தடி வேண்டும், இடப்பக்கம் பத்தடி வேண்டும், இருப்பதோ ஒரு பாய் விரிக்கும் இடம். அதனால் சன்னல் கம்பியில் ஒன்றை அறுத்து எடுத்தேன். பின் சந்தில் உருளை வைத்த ஒரு தாங்கி நிற்கும். பலகையை அதன்மேல் வைத்துச் சன்னல் வழியாக உள்ளே நீட்டுவேன். பிறகு நான் பின்கதவு வழியாக உள்ளே வந்து மேசை முன்னால் நின்று, வலமிருந்து இடமாகத் தள்ளுவேன். பலகை பிட்டைத் தாண்டி ஹாலுக்குள் போய் நிற்கும். ஒரே ஓட்டில் ஆழமாக எடுக்கக் கூடாது, மரம் கருகும், இழை பெயரும். கொஞ்சம் எடுத்து, பிட்டை ஒரு மயிரிழை உயர்த்தி, மறுபடி கொஞ்சம் எடுக்க வேண்டும். ஒரு சட்டத்துக்கு ஐந்து ஓட்டு. ஒவ்வொரு ஓட்டுக்கும் பலகை மறுபடி சன்னலுக்கு வெளியே போயாக வேண்டும். சமையலறையில் அதைத் திருப்ப முடியாது. ஆகவே முன்வாசல் வழியாகத் தோளில் தூக்கிக்கொண்டு, மூலை வீட்டைச் சுற்றி, பின் சந்துக்கு வருவேன். நாலு சட்டம், இருபது நடை. பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா தினமும் வாசலில் உட்கார்ந்து என் ஊர்வலத்தைப் பார்த்துச் சிரிப்பார். இந்த நடையில்தான் என் முழங்கால் நன்றாக இருக்கிறது என்று டாக்டரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது முதல் தப்பு. என் இடது ஆள்காட்டி விரலில் கட்டுப் போட்டிருந்ததைப் பார்த்து என்னவென்று கேட்டாய். மீன் வெட்டும்போது கத்தி பட்டது என்றேன். பொய். அன்று காலை நீ போன் செய்து, சனிக்கிழமை மெஷினைப் பார்க்க ஒருவர் வருகிறார், நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார் என்றாய். சரி என்று வைத்துவிட்டேன். வைத்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, உன்மேலா, அன்று சிரித்த என்மேலா என்று தெரியவில்லை. கடைசிச் சட்டத்துக்குக் கடைசி ஓட்டு பாக்கி. பலகை ஹாலில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு சுற்றி வர அன்று எனக்கு மனமில்லை. மயிரிழைதானே, வந்த வழியே திருப்பித் தள்ளினால் என்ன என்று, ஓடிக்கொண்டிருந்த மெஷினில் இடமிருந்து வலமாக விட்டேன். பிட் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே மரத்தைக் கொடுத்தால் அது மரத்தைப் பிடுங்கிக்கொள்ளும். பிடுங்கிக்கொண்டது. பத்தடிப் பலகை என் கையிலிருந்து பறந்து, சன்னல் வழியாகச் சந்தில் பாய்ந்து, ஜமீலா அக்காவின் கறிவேப்பிலைத் தொட்டியை உடைத்துக்கொண்டு விழுந்தது. என் விரல் மேசையின் இரும்பு விளிம்பில் இழுபட்டுக் கிழிந்தது. நாலு தையல். சந்தில் ஆள் யாரும் இல்லை. இருந்திருந்தால் நான் இன்று உனக்கு வேறு கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன். ஜமீலா அக்காதான் ஓடி வந்து விரலில் துணியைச் சுற்றிக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். “கோபம் வந்தா மனுசங்களத் திட்டு தங்கச்சி, மரத்துக்கிட்ட ஏன் லா காட்டுற?” என்றார் காரில்.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்றால், “பாத்தீங்களா, இதுக்குத்தான் சொன்னேன்” என்பாய். அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுநாள் ஒழுங்காகச் சுற்றி வந்து அந்தக் கடைசி ஓட்டை முடித்தேன். இரண்டு நாள் கழித்துத் தர்ஷினி வந்தாள். சட்டங்களை உங்கள் வீட்டுக்குக் கொண்டு போக வந்தவள், சமையலறையில் மீனும் இல்லை, மீன் வாசமும் இல்லை, சன்னல் சட்டத்தில் புதிதாக ஒரு சிராய்ப்பு மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டாள். கெட்டிக்காரி. நான் நடந்ததைச் சொன்னேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். “நானா போய் சொல்ல மாட்டேன் அத்தே. ஆனா அவர் கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடியே என்னைப் பொய்ல சேத்துக்காதீங்க. நீங்களே சொல்லிருங்க,” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்றுதான் இந்தப் பெண் உனக்குச் சரி என்று எனக்கு முழு நிம்மதி வந்தது. ஆகவே நானே சொல்லிவிட்டேன். இதை வைத்து என்னோடு சண்டை போடுவதென்றால் போடு. ஆனால் ஒன்று: விரல் கிழிந்தது வயதினால் அல்ல. எட்டு வருடமாக ஒரு கீறல் இல்லை. சொல்ல வேண்டியதை உன்னிடம் நேராகச் சொல்லாமல், கோபத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு மெஷின் முன்னால் நின்றதால் கிழிந்தது. அதற்கு மருந்து மெஷினை விற்பதல்ல, வாயைத் திறப்பது. திறந்துவிட்டேன். இப்போது மேசையில் சிவப்பு மையில் பெரிய அம்புக்குறி போட்டிருக்கிறேன், கோபமாக இருந்தால் சுவிட்சைத் தொடுவதில்லை. சனிக்கிழமை வந்த மனிதருக்குத் தே தாரிக் டீ போட்டுக் கொடுத்து, விற்பதற்கில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாவம், அவர் மனைவிக்கு ஒரு சாமி மேடை வேண்டுமாம். ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது தப்பு பெரியது. அதைச் சொல்லத்தான் இத்தனை நாள் பேனா எடுக்காமல் இருந்தேன். பள்ளி முடித்ததும் உனக்கு ஜொகூரில் கப்பல் கட்டும் படிப்புக்கு இடம் கிடைத்தது. சின்ன வயதிலிருந்து படகுத்துறை ஜெட்டியில் நின்று கப்பலை எண்ணிய பிள்ளை நீ. ஐஸ்கிரீம் குச்சியிலும் அட்டையிலும் நீ கட்டிய கப்பல்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் கிடக்கும். கடிதம் வந்த வாரம் எனக்குத் தலை சுற்றியது. ரத்த அழுத்தம் கூடியிருந்தது உண்மை, டாக்டர் மாத்திரை கொடுத்தார், மறுநாளே இறங்கிவிட்டது. ஆனால் நான் நாலு நாள் எழுந்திருக்கவில்லை. நீ கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாய். உன்னைப் போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, படுத்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஐந்தாம் நாள் நீயாகவே, “இங்கேயே படிக்கிறேன் மா, எலக்ட்ரானிக்ஸும் நல்லதுதான்,” என்றாய். அன்று மாலையே எழுந்து உனக்கு ரசம் வைத்தேன். உன் அப்பா அந்த ரசத்தைத் தொடவில்லை. இரண்டு நாள் கழித்து, “அவன் போறேன்னு கேட்டிருந்தா நான் அனுப்பிருப்பேன். நீ அவனக் கேக்கவே விடல,” என்றார். பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீயும் எடுக்கவில்லை. கப்பல்களை அட்டைப் பெட்டிகளில் போட்டு ஒட்டி, அலமாரி மேலே ஏற்றிவிட்டாய். உனக்கு நல்ல வேலை கிடைத்தது, நல்ல பெண் கிடைத்தாள், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் உன்னிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதைப் பாசம் என்று பெயர் வைத்து எடுத்துக்கொண்டேன். என்னை மன்னித்துவிடு முகிலா. இத்தனை வருடத்தில் உன்னிடம் நான் இதைச் சொன்னதே இல்லை.

இன்று நீ எனக்குச் செய்வதும் அதே வேலைதான், ராசா. நல்ல மனதோடு செய்கிறாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மா தனியாக இருக்கிறாளே, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் தீவில் இருக்கிறாளே, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று உனக்குத் தூக்கம் வராது. எனக்கும் அன்று அப்படித்தான் இருந்தது. யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று பார்த்தால் என்னிடம்தான். அதனால்தான் உன்மேல் எனக்கு வந்த கோபம் நிலைக்கவில்லை.

இனி மூலைக்கு வருகிறேன். மூன்று சட்டம் ஏற்றியாகிவிட்டது, நானும் தர்ஷினியும் சேர்ந்து ஏற்றினோம். முதல் சட்டத்தின் ஒரு முனை ஆணி அடிக்காமல் ஆடிக்கொண்டிருக்கிறது என்று நேற்று போனில் குறை சொன்னாய், அம்மாவுக்கு வயதாகிவிட்டது, மறந்துவிட்டாள் என்று நினைத்திருப்பாய். மறக்கவில்லை. கேள். புது வீடாக இருந்தும் உங்கள் அறையில் ஒரு மூலைகூட நேராக இல்லை. இரண்டு சட்டத்தையும் சரிபாதிச் சாய்வாக அறுத்து முட்டவைத்தால் இன்று அழகாக இருக்கும், நாலு மாத மழைக்கும் வெயிலுக்கும் பிறகு மூலை வாயைப் பிளந்துவிடும். அதனால் நான் அப்படிச் செய்வதில்லை. ஒரு சட்டம் சுவர்வரை நேராகப் போய் நிற்கும். அடுத்ததன் முனையை, முதல் சட்டத்தின் மேடுபள்ளம் எப்படியோ அதேபோல் மெல்லிய ரம்பத்தால் அறுத்து, அதன்மேல் பொருந்த வைப்பேன். மரம் கொஞ்சம் சுருங்கினாலும் இடைவெளி தெரியாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. சும்மா வரிசையாக ஏற்றிக்கொண்டே போனால், முதல் சட்டம் இரண்டு பக்கமும் நேராக நின்றுவிடும். நாலாவதுதான் இரண்டு முனையிலும் அறுபட்டு, எல்லாருக்கும் விட்டுக்கொடுத்து நடுவில் மாட்டிக்கொள்ளும். அதன் நீளம் ஒரு நூல் தப்பினாலும் போச்சு. எத்தனையோ வீடுகளில் ஒரு ஆள் அப்படி நாலாவது சட்டமாக ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் அது வீட்டுக்கு வந்த பெண்ணாக இருக்கும். ஆகவே நான் முதல் சட்டத்தின் ஒரு முனையையும் அறுத்துவைத்து, அந்தப் பக்கம் ஆணி அடிக்காமல் விடுவேன். கடைசியில் நாலாவதன் நேர் முனை அதன் பின்னால் நுழையும். பிறகு ஆணி. இப்படிச் செய்தால் நாலு சட்டமும் ஒரு முனையில் நேராக நிற்கும், ஒரு முனையில் விட்டுக்கொடுக்கும். நீயும் தர்ஷினியும் அப்படி இருங்கள். எல்லா மூலையிலும் நீயே நேராக நிற்கப் பார்க்காதே, உனக்கு அந்தக் குணம் உண்டு, எனக்குத் தெரியும், என்னிடமிருந்து வந்ததுதான். அவளிடம் ஏதாவது குறை சொல்ல வேண்டுமென்றால் ஐந்து ஓட்டாகச் சொல், ஒரே ஓட்டில் ஆழமாக இறக்காதே.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறுதோறும் வருவேன். காய்ச்சல் வந்தால் மறைக்காமல் போன் செய்வேன், தையல் போட்டாலும் சொல்வேன். குழந்தை பிறந்தால் ஒரு மாதம் உங்களோடு இருந்து, எனக்குத் தெரிந்த அரைகுறைச் சமையலைச் செய்து போடுவேன். இதெல்லாம் என் அறுபட்ட முனை. என் வீடும் என் மேசையும் நேர் முனை. அங்கே நான் அசைவதாக இல்லை.

அந்தக் கீழ் அறை உனக்கு. சட்டத்தில் நான் போட்டிருக்கும் நெளிவைக் கவனித்தாயா? கம்பி அறுத்த சன்னல் வழியாக நீட்டி நீட்டி, இருபது நடை நடந்து அலையைத்தான் ஓட்டியிருக்கிறேன், கூரை ஓரம் சுற்றிலும் அலை. உன் கப்பல்களுக்காக. பெட்டிகளை அலமாரியிலிருந்து இறக்கித் தூசி தட்டிப் பார்த்தேன். இரண்டு பாய்மரம் உடைந்திருக்கிறது, மற்றபடி எல்லாம் முழுசாக இருக்கின்றன. இந்த வயதில் கப்பல் கட்டப் படிக்கப் போ என்று நான் சொல்லவில்லை. போவதென்றாலும் நான் படுத்துக்கொள்ள மாட்டேன். வேலை முடிந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார உனக்கென்று ஒரு அறை இருக்கட்டும், அவ்வளவுதான்.

நாலாவது சட்டம் அந்த அறையின் தரையில்தான் கிடக்கிறது. பத்து நாளாக உங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழகிக்கொண்டிருக்கிறது, இனி அறுத்தால் அளவு மாறாது. ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிவிட்டு வந்து என்னை அழைத்துப் போ. பெட்டிகள் ஐந்து, பின் சீட்டைக் காலியாக வைத்திரு. ஏணியை நீ பிடி, ஏறுவது நான். ஆடிக்கொண்டிருக்கும் அந்த முனையில் கடைசி ஆணியை நீயே அடி. வேலை முடிந்ததும் என்னை என் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடு.

உன் அம்மா,
சுங்கை பினாங் வீட்டிலிருந்து